கனைப்பு

விளக்கை அணைத்துவிட்டார்கள், படத்தைத்தான் காணோம். ராக்கியப்பன் வலது முழங்காலை ஆட்டிக்கொண்டே எதிரே இருந்த கருப்பைப் பார்த்தார். திரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத கருப்பு. ஏசியை இப்படியா வைப்பார்கள், உள்ளே பிணத்தையா வைத்திருக்கிறார்கள். தொண்டை அரித்தது. சாலிகிராமத்துச் சந்துக்குள் இப்படியொரு இடம் இருப்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, மாடியில் துணி காய்கிற சாதாரண வீடு மாதிரிதான் இருந்தது. உள்ளே வந்தால் சுவரெல்லாம் மெத்தை, தரையெல்லாம் கம்பளம், செருப்புச் சத்தம்கூட எழும்பவில்லை, பேசினால் குரல் வாயைத் தாண்டியதும் செத்து விழுகிறது. படத்துக்குச் சத்தம் சேர்க்கிற இடமாம். சத்தம் சேர்க்கிற இடத்தில் இத்தனை அமைதி எதற்கு? பின்னால் கட்டில் அகல மேசையில் ஆயிரம் குமிழ்களோடு ஜெரால்டு என்கிற சவுண்டு ஆள் உட்கார்ந்திருந்தான், அவன் தோளுக்குப் பின்னால் சுகந்தி நின்றிருந்தாள். பெற்ற மகள். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டாள். சினிமா எடுக்கிறேன் என்று கோயமுத்தூரை விட்டு வந்த நாளிலிருந்து நின்றுகொண்டேதான் இருக்கிறாள் போலிருக்கிறது, இப்போதுதான் முதல் படம் முடிந்திருக்கிறது, அதையும் வாங்குவதா வேண்டாமா என்று பார்க்க ஜம்புலிங்கம் என்று ஒரு விநியோகஸ்தர் முன்வரிசை ஓரத்தில் செல்போனை மடியில் மினுக்கவிட்டபடி உட்கார்ந்திருக்கிறார். மத்தியானம் ரயில் இருக்கிறது. ரயிலுக்கு முன்னால் சாப்பிட வேண்டும். இவர்கள் படத்தை எப்போது போடுவது, எப்போது சாப்பிடுவது. இடது பக்கம் கறுக், கறுக். மயிலாத்தாள். பெண்டாட்டிக்காரி பையிலிருந்து கடலை மிட்டாயை எடுத்துவிட்டாள். காலைத் தூக்கி இருக்கை மேல் மடித்து வைத்துக்கொண்டு, இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று, கறுக், கறுக். எங்கேயோ குழாயில் தண்ணீர் சொட்டுகிறது. இத்தனை பெரிய இடம் கட்டினவனுக்கு ஒரு குழாயைச் சரியாக மூடத் தெரியவில்லை. யாரோ ரேடியோ வேறு வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து சத்தம் வருகிறது, உள்ளே படம் வரவில்லை, அந்த ஜெரால்டு தூங்கிவிட்டானா?

"படம் வர்லீப்பா!" என்றார். மெத்தைச் சுவர் குரலைத் தின்றது. இன்னும் உரக்க, மில்லில் ஒரு நூற்பு பிரேமிலிருந்து இன்னொன்றுக்குக் கூப்பிடுகிற குரலில், "யாரப்பா அங்கே? சத்தம் மட்டும் வருது, படத்தைக் காணோம்!"

எல்லாம் நின்றது. விளக்கு எரிந்தது. ஜம்புலிங்கம் உடம்பு குலுங்கச் சிரித்தார்.

"பாத்தீங்களா மேடம்? நான் சொன்னா கேக்கல. ஐயாவே கத்திட்டாரு. நாளைக்கு தியேட்டர்ல ஒருத்தன் விடமாட்டான், ஆப்பரேட்டரோட அம்மாவை இழுப்பான்."

சுகந்தி இரண்டு படி இறங்கி வந்தாள். "அப்பா, படம் ஓடிட்டுத்தானுங்க இருக்குது. மொதல்ல கொஞ்ச நேரம் இருட்டாத்தான் இருக்கும். கேக்கோணும், அவ்வளவுதான்."

"கேக்கறதுக்கு ரேடியோ போதாதா. சினிமா எதுக்கு?"

"கேளுங்கப்பா," என்றாள். கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. அந்தக் குரல் ராக்கியப்பனுக்குப் பிடிபடவில்லை.

மறுபடி கருப்பு. சரி, கேட்டுத் தொலைவோம். கேட்கத் தெரியாதவரா அவர். முப்பது வருஷத்துக்கு மேல் நூல் மில்லில் மேஸ்திரி, ஆயிரக்கணக்கான நூற்புக் கதிர்கள் ஒன்றாகச் சுற்றும் இரைச்சலில் எந்தப் பிரேமில் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று வாசலில் நின்றே சொல்வார், சத்தம் துளி மாறினாலும் பல் கூசுகிற மாதிரி தெரிந்துவிடும். தண்ணீர் சொட்டியது. குழாய் இங்கே இல்லை, படத்தில் இருக்கிறது, பிளாஸ்டிக் வாளியில் விழுகிற சொட்டு, வாளி பாதி நிறைந்திருக்கிறது. சிமெண்டுத் தரையில் டக், பிறகு சரக்கென்று கூழாங்கல்லை அள்ளும் சத்தம். ஒரு பெண்பிள்ளை கல்லாங்காய் ஆடுகிறாள். ரேடியோ பாடுகிறது, அதன் அடியில் இன்னொரு குரல், வார்த்தை இல்லாமல், ரேடியோவுக்கு அரை அடி பின்னால் நடந்து வருகிற மாதிரி ஒரு பொம்பளைக் குரல், மேலே போகிற இடத்தில் உடைந்து, உடைந்ததைப் பற்றிக் கவலைப்படாமல் மறுபடி சேர்ந்துகொள்கிறது. தாளிக்கிற சத்தம். மோசமில்லை. கண்ணைத் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் ஒன்றுதான், மூடிக்கொண்டார். கருவேப்பிலை வாசம் வந்த மாதிரி இருந்தது, சே, பசி. ஒரு பையன் தொண்டையைக் கட்டையாக்கிக்கொண்டு, "எவன்டா லைட்டப் போட்டது? இதென்ன உங்கப்பன் ஊட்டுக் கரண்டா?" என்கிறான். பெண்பிள்ளை உடனே, "ஆமாங்க, எங்கப்பன் ஊட்டுக் கரண்டுதானுங்க!" சிரிப்பு. இரண்டு பிள்ளைகளும் உருண்டு புரண்டு சிரிக்கிற சிரிப்பு, அந்தப் பொம்பளை, "போதுஞ் சாமி, வவுறு வலிக்குது, போதும்" என்று கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரிக்கிறாள், முன்வரிசையில் ஜம்புலிங்கம் சிரித்தார், ராக்கியப்பனுக்கும் மூக்கு வழியாக ஒரு சிரிப்பு வந்துவிட்டது. கெட்டிக்காரப் பிள்ளை. பெற்ற பிள்ளைகளையே உங்கப்பன் வீடு என்று திட்டுகிற கிறுக்கன் யார் என்று யோசித்தார். யோசனை அங்கே நின்றது. நூல் சிக்கிக்கொண்ட மாதிரி நின்றது. எவன்டா லைட்டைப் போட்டது. செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், வாசலில் நின்றபடி, சட்டைப் பையில் சாவியைப் போட்டபடி. எவன்டா. தூரத்தில், எங்கோ தெருக்கோடியில், ஒரு ஸ்கூட்டர்.

மேட்டில் ஏற முடியாமல் கியரை இறக்குகிற ஸ்கூட்டர். சைலென்சரில் ஓட்டை. அந்த ஓட்டையை அடைக்கச் சொல்லிப் பட்டறைக்காரன் எத்தனை தடவை சொன்னான், பிறகு பார்க்கலாம், பிறகு பார்க்கலாம், கடைசியில் அந்த லாம்பி ஸ்கூட்டரை அப்படியே எடைக்குப் போட்டதுதான். எடைக்குப் போட்ட வண்டி எப்படி இங்கே வருகிறது. மில்லில் கரண்டு போனால் பிரேம்கள் ஒரேயடியாக நிற்காது, ஒன்றன் பின் ஒன்றாக அடங்கும், கடைசிப் பிரேம் அடங்குகிறபோது பக்கத்தில் நிற்பவன் மூச்சுவிடுகிற சத்தம் கேட்கும். அதே மாதிரி. முதலில் அந்த முனகல் பாட்டு. அடுத்தது ரேடியோ, நடுச் சொல்லில். கற்களை யாரோ வாரி எடுக்கிறார்கள். சிரிப்பை வாயில் கையை வைத்து விழுங்குகிறான் பையன், விழுங்க முடியாமல் ஒரு துளி வெளியே வருகிறது, ஸ்ஸ் என்கிறாள் அம்மாக்காரி. ஸ்விட்ச். புத்தகத்தின் தாள் புரள்கிறது. யாரோ வெறுங்காலில் ஓடிப்போய்க் குழாயை இறுக்கி மூடுகிறார்கள், அந்தச் சொட்டும் போயிற்று. ஸ்கூட்டர் நிற்கிறது. ஸ்டாண்டு. இரும்புக் கேட்டின் கொண்டி. பிறகு கனைப்பு, அடிவயிற்றிலிருந்து, ஒரே ஒரு தடவை, ம்ஹ்ர்ம்.

இடது பக்கம் கறுக் நின்றுவிட்டது.

அவர் திரும்பவில்லை. திரும்பாமலே தெரிந்தது. இருக்கை மெல்ல முனகியது, மடித்து வைத்திருந்த கால் கீழே இறங்குகிறது, சேலை சரசரக்கிறது, முந்தானையை இழுத்து மூடுகிறாள். வாயில் பாதி மிட்டாயோடு அப்படியே உட்கார்ந்திருக்கிறாள் மயிலாத்தாள், மெல்லவும் இல்லை விழுங்கவும் இல்லை. திரையில் வெளிச்சம் வந்தது. வெயில் விழுந்த சிமெண்டுத் தரை, நடுவே எடுக்க மறந்துபோன ஒரு கூழாங்கல், ஒரு சின்னக் கால் நீண்டு வந்து அதன் மேல் பாதத்தை வைத்து மறைத்தது. விளக்கு எரிந்தது.

"ஃபீலிங் இருக்குது, இல்லேன்னு சொல்லல," என்றார் ஜம்புலிங்கம். "ஒருத்தன் வர்றான்னு முதுகு ஜில்லுன்னு ஆவுது. ஆனா கருப்பு வேணாம் மேடம். அந்தத் தரையிலேருந்து ஆரம்பிச்சிடுங்க. வெட்டுனா நான் வாங்கிக்கறேன், இன்னைக்கே பேசி முடிச்சிடலாம்."

"வெட்டுனா அந்தக் கல்லு வெறுங் கல்லுங்க சார்."

"யாருக்குத் தெரியப் போவுது? நீங்களும் நானும் பேசிப் பிரயோஜனம் இல்ல. ஐயா ஒருத்தர்தான் இங்க டிக்கெட் வாங்கி வர்ற ஜனம். அவரு சொல்லட்டும்."

"சரிங்க," என்றாள் சுகந்தி. "அப்பா சொல்லட்டும்." அதைச் சொல்லும்போது ஜெரால்டின் குமிழ்களைத்தான் பார்த்தாள்.

கத்தியைக் கையில் கொடுத்துவிட்டாள். ராக்கியப்பன் கடிகாரத்தைப் பார்த்தார், என்ன மணி என்பது மனதில் ஏறவில்லை, மறுபடி பார்த்தார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை. அவருக்கு ஒரு வார்த்தைக்கு மேல் எப்போது தேவைப்பட்டிருக்கிறது, பாட்டு கிளாசா, வேண்டாம், சுற்றுலாவா, வேண்டாம், அதோடு பேச்சு முடிந்துவிடும். ஊரில் இந்தப் படம் ஓடும், சிங்காநல்லூரில் ஓடும், மில்லில் கூட வேலை பார்த்தவன் பார்ப்பான், சூலூர் மச்சான் குடும்பத்தோடு பார்ப்பான், அந்தக் கனைப்பைக் கேட்டதும் பெண்டாட்டி பக்கம் குனிந்து, மாப்பிள்ளை வந்துட்டார் பாரு என்பான். சிரிப்பார்கள். நான் என்ன குடித்துவிட்டா வந்தேன். சீட்டாடினேனா. கை நீட்டினேனா. நீட்டியதில்லை, மகன் மூர்த்தியை ஒரு தடவை, அதுவும் அவன் பம்பரத்தால் கண்ணாடியை, இல்லை, இரண்டு தடவை. எந்த அப்பன் அடிக்கவில்லை. காலையிலிருந்து காதுக்குள் கதிர் சுற்றும் மனுஷன், ஷிப்டு முடிந்து சங்கு ஊதினபிறகும் மண்டைக்குள் அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும், சோற்றில் சுற்றும், தூக்கத்தில் சுற்றும். வீட்டுக்குள் கால் வைத்ததும் ஒரு அமைதி, வேர்த்த முகத்தில் பானைத் தண்ணீரை அடித்த மாதிரி. அதற்காகத்தானே வீட்டுக்கு ஓடி வந்தேன். எங்கூட்டில் ஒரு சத்தம் இருக்காது, கோயில் மாதிரி இருக்கும் என்று டீக்கடையில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், ஒவ்வொருத்தன் வீடும் சந்தையாக இருக்கிறபோது நமக்கு அமைந்தது அப்படி என்று. அமைந்தது. அது நான் வருவதற்கு முன்னால் இருக்கவில்லை. வண்டி மேட்டில் ஏறும்போதுதான் அமைந்துகொண்டிருந்தது. பெல்ட் தளர்ந்தது தெரியும், ரிங்கில் எண்ணெய் குறைந்தது தெரியும், அது மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று. கனைப்பு. அப்பா சொல்லிக்கொடுத்த மரியாதை அது. ஆம்பளை வீட்டுக்குள் பூனை மாதிரி நுழையக் கூடாதுடா, பொம்பளைகள் எப்படி எப்படியோ உட்கார்ந்திருப்பார்கள், ஒரு கனைப்புக் கொடுத்துவிட்டு நுழைய வேண்டும், அவர்கள் கூச்சப்படாமல் இருக்கட்டும். கூச்சப்படாமல் இருக்கட்டும் என்றுதான் கனைத்தேன். ஒரு நாள் தவறாமல் கனைத்தேன். மயிலாத்தாள் சிரித்து எப்போது பார்த்தோம் என்று தேடினார். மூர்த்தி கல்யாணத்தில், சமையல்கட்டு ஜன்னலுக்கு அந்தப் பக்கம், பெண்கள் நடுவே, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கினாள். சத்தம் இல்லை. மில்லில் இரைச்சலுக்கு நடுவே ஆட்கள் சிரிக்கிற மாதிரி, பல் தெரியும், தோள் ஆடும், சத்தம் மட்டும் இருக்காது. ஒரு ஆயுசுக்கு அவ்வளவுதானா கையில் இருக்கிறது.

"இந்தா," என்றார், திரும்பாமல். "நீ பாடுவியா?"

"ஆரு, நானுங்களா?" மயிலாத்தாள் வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கினாள்.

"பின்ன யாரு."

"பாட்டுன்னு எல்லாம் இல்லீங். ரேடியோ பாடறப்ப வாயி தானா அசையும்."

"நான் கேட்டதே இல்லியே."

"நீங்க இருக்கறப்ப ரேடியோ ஏதுங்க?" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால் சொல்வது மாதிரி சொன்னாள். பிறகு, கணவர் முகத்தைப் பார்த்து, "அவ ஏதோ கதைக்கு எடுத்திருக்கறா. நீங்க மனசுல வெச்சுக்காதீங்" என்றாள்.

கதைக்கு. உங்கப்பன் வீட்டுக் கரண்டு கதைக்கு. சைலென்சர் ஓட்டை கதைக்கு. ஜம்புலிங்கம் திரும்பி உட்கார்ந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ராக்கியப்பன் கையை ஆட்டினார். "இன்னொருக்காப் போடு."

கருப்பு. இந்தத் தடவை கருப்புக்கு ஒரு அளவு இருந்தது, இங்கே அடுப்பு, இங்கே ரேடியோ இருந்த அலமாரி, அங்கே வாளி. சிங்காநல்லூர் வாடகை வீட்டில் அவர் ஒரு போதும் நுழைந்திராத ஒரு நேரத்துக்குள் நுழைந்து மூலையில் உட்கார்ந்துகொண்டார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. டக், சரக். அந்தக் குரல் ரேடியோவைத் துரத்திக்கொண்டு போனது, இது யாரோ நடிகை பாடுவது, அவருக்குத் தெரியும், தெரிந்தும் உடைகிற இடத்தில் இவளுடையதுதான் என்று காது சொன்னது, காதுக்கு எப்படித் தெரியும், கேட்காத குரலைக் காது எப்படி அடையாளம் சொல்லும். இதைச் சொல்லிக்கொடுத்தது யார். சுகந்தி நடிகையின் எதிரே நின்று, இப்படி இல்லீங்க, இங்கே உடையோணும் என்று வாயால் பாடிக் காட்டியிருப்பாள். எவன்டா லைட்டப் போட்டது. நன்றாகத்தான் செய்கிறான், அந்த இழுவை எனக்கு உண்டு. எங்கப்பன் ஊட்டுக் கரண்டுதானுங்க. சிரிப்பு. வவுறு வலிக்குது. கரண்டி கீழே விழுந்து வட்டமடித்தது. இதோ இப்போது வரும். கை இருக்கையைப் பிடித்துக்கொண்டது. இன்னும் கொஞ்சம் சிரியுங்கள், இதோ வந்துவிடும், தெருக்கோடியில் திரும்பியிருக்கும், மேட்டுக்குக் கீழே இருக்கும். டீக்கடையில் நின்று தொலைக்கக் கூடாதா அந்த ஆள், பஞ்சர் ஆகக் கூடாதா, ஷிப்டு முடியாமல் இன்னொரு பிரேம் பழுதாகக் கூடாதா, என்ன அவசரம் அவனுக்கு, வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று இப்படி ஓடி வருகிறான். ராக்கியப்பனின் காது தெருக்கோடியை விட்டு நகரவில்லை. பயம் என்று அதற்குப் பெயர் கொடுக்கச் சற்று நேரம் பிடித்தது. வண்டி வந்தது. பாட்டு போயிற்று, ரேடியோ போயிற்று, கல் போயிற்று. ம்ஹ்ர்ம்.

விளக்கு.

"என்னங்கய்யா?" என்றார் ஜம்புலிங்கம். "வெட்டிடலாமில்ல?"

"கருப்பு இருக்கட்டும்."

"ஐயா, நீங்களே மொதல்ல..."

"இருக்கட்டும்னேன்." எழுந்து நின்றார். பின்பக்கம் திரும்பி, மகளைப் பார்க்க முயன்று, அவள் பக்கத்துச் சுவரைப் பார்த்தார். "அந்த வண்டிதான்."

சுகந்தியின் கை மேசை விளிம்பைப் பிடித்தது. "வண்டிக்கு என்னங்கப்பா?"

"சீக்கிரமா வந்துருது."

ஏசி இரைந்தது.

"கொஞ்சம் லேட்டா வரட்டும்," என்றார். சிடுசிடுப்பாகத்தான் வந்தது, வேறு மாதிரி வராது அவருக்கு. "அவங்க சிரிச்சு முடிக்கட்டும்."

ஜெரால்டு காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினான். "சிரிப்பு நிறைய இருக்கு மேடம். அன்னைக்கு எடுத்ததுல பாதிதான் வெச்சிருக்கோம்."

சுகந்தி மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "மொத்தத்தையும் வெய்யுங்க" என்றாள். அவன் குமிழ்களின் மேல் குனிந்தான்.

"என்னமோ பண்ணுங்க," ஜம்புலிங்கம் செல்போனைப் பையில் போட்டார். "பார்த்துட்டுச் சொல்றேன். இதுக்கு மேல பேசினா ஐயா என்னை வெளிய தள்ளிடுவாரு."

ராக்கியப்பன் உட்கார்ந்தார். விளக்கு அணைந்தது. சொட்டு, கல், ரேடியோ, அதன் பின்னால் அந்தக் குரல். பக்கத்து இருக்கையில் அசைவில்லை. தொண்டை அரித்தது, குளிர் ஏறி ஏறி அடித்தொண்டையில் ஒரு நூல் மாதிரி நின்றுகொண்டது, ஒரு கனைப்புக் கனைத்தால் போய்விடும், ஒரே ஒரு கனைப்பு. அவர் எச்சிலைக் கூட்டி விழுங்கினார். எங்கப்பன் ஊட்டுக் கரண்டுதானுங்க. சிரித்தார்கள். கரண்டி விழுந்தது, வட்டமடித்து ஓய்ந்தது, சிரிப்பு ஓயவில்லை, பையன் இன்னொரு தடவை அப்பாவாகிறான், பெண்பிள்ளை விக்குகிறாள், அம்மாக்காரி மூச்சு வாங்கிக்கொண்டு, இருடா, அடுப்பு தீயுது என்கிறாள், மறுபடி சிரிக்கிறாள். வண்டியைக் காணோம். கண்ணில் தண்ணீர் முட்டியது, இருமலா என்னவோ, பல்லைக் கடித்துக்கொண்டார், கர்ச்சீப்பை எடுத்து வாயில் வைத்து அழுத்தினார், மூச்சுகூட மூக்கின் நுனியில்தான் போய் வந்தது. ரேடியோ அடுத்த பாட்டுக்குப் போனது. இடது பக்கம் இருக்கை லேசாக முனகியது. காகிதம் பிரிகிற சத்தம், ரொம்ப மெதுவாக, பாதியில் நின்று, காத்திருந்து, மறுபடி.

கறுக்.